மொடெஸ்ட் சார் ஒழித்த கட்டளை வாக்கியம்

இனிமேல் இந்த வீட்டில் கட்டளை வாக்கியம் கிடையாது என்று, ஒரு திங்கட்கிழமை காலை கோக்கோ டீயைக் குடித்து முடித்த கையோடு அல்பன் மொடெஸ்ட் அறிவித்தார். கிரெனடாவின் மேற்குக் கரையில் பாதிப் பேருக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிஞ்சிய ஒரே மாணவி மனைவி வெரோனா. அவளும் பாடத்தைக் கவனிப்பதில்லை.

அறிவிப்புக்குக் காரணம் இருந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது; வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்கு வெரோனா குறித்து வைத்த சனிக்கிழமைதான் ரம் கடையில் டாமினோ போட்டி. பரிசு ஒரு முழுப் பன்றித் தொடை. பக்கத்து வீட்டு காஸ்மஸ்தான் அவருக்கு ஜோடி. போன வருஷம் கடைசி ஆட்டத்தில் கோட்டை விட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. இந்த முறை ஜெயித்தே தீர வேண்டும்.

"பெயிண்ட் அடிங்க, ஏணியை எடுங்க, இதெல்லாம் கட்டளை. இனி எதுவானாலும் கேள்வியா கேளு. இஷ்டம்னா ஆமாம்பேன். இல்லேன்னா மாட்டேம்பேன்."

"சரி, வாத்தியாரே."

"கோபமா?"

"கோபம் எதுக்கு? நல்ல ஏற்பாடுதான். சனிக்கிழமை பெயிண்ட் அடிப்பீங்களா?"

"மாட்டேன்."

"சரி."

இவ்வளவு லேசில் 'சரி' சொல்கிற பெண்ணை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

சாயங்காலம் மீன் கழுவிக்கொண்டே வெரோனா கேட்டாள்.

"பழைய பிள்ளைங்க ஞாபகம் வருமா உங்களுக்கு?"

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வராம இருக்குமா? யூலின் எதுக்கெடுத்தாலும் 'ஏன் சார்'ம்பா. ரால்ஸ்டன் கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குவான். மத்தியான வெயில்ல மொத்த வகுப்பும் ராகம் போட்டுச் சொல்லும் பாரு, சொல்வது செய்தி, கேட்பது வினான்னு. அந்தச் சத்தம் இல்லாம காதே காலியா கிடக்கு, வெரோனா."

"அவங்களைப் பார்க்கணும்னு இருக்கா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு."

"ஆமாம்னு எடுத்துக்கட்டுமா?"

"ஆமாம்."

சனிக்கிழமை காலை, இஸ்திரி போட்ட சட்டையோடு மொடெஸ்ட் வாசலைத் தாண்டும்போது ஒரு பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ரால்ஸ்டன். உள்ளேயிருந்து பழைய வகுப்பே இறங்கியது, பிரஷ், வாளி, ஏணி சகிதம்.

"இன்னிக்கு உங்க வீட்டுல மரூன், சார்! பார்க்கணும்னு சொல்லி அனுப்பினீங்களாமே. வெறுங்கையோடயா வர்றது? ஊர்கூடி வீட்டை முடிச்சுக் கொடுத்துட்டுத்தான் போவோம்."

அவர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். பெரிய பானையில் ஈரப்பலாவும் உப்புக்கறியும் தேங்காய்ப்பாலில் கொதித்துக்கொண்டிருந்தன. ஊரே கூலியில்லாமல் கூடி உழைக்கும் மரூனுக்கு ஆள் வந்தபின் வீட்டுக்காரன் டாமினோ ஆடப் போனால், அந்தக் கரையில் பிறகு தலை காட்ட முடியாது. சட்டையைக் கழற்றினார்.

கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அடித்தார். ஏணி உச்சியிலிருந்து, இப்போது நர்சாக இருக்கும் யூலின் மெல்ல ஆரம்பித்தாள்.

"சொல்வது செய்தி, கேட்பது வினா..."

"ஏவுவது கட்டளை, வியப்பது உணர்ச்சி," என்று நாலு சுவரிலிருந்தும் பதில் வந்தது. நரைத்த தலைகள் பிரஷோடு சேர்ந்து ஆடின. மொடெஸ்டும் பிரஷால் தாளம் போட்டார். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"ரால்ஸ்டன், உணர்ச்சி வாக்கியத்துக்கு உதாரணம் சொல்லு."

"ஆகா, பானையில என்ன வாசனை, சார்!"

"உட்காரு. சரியான விடை."

சாப்பிடும் வேளையில்தான் அவருக்கு உறைத்தது.

"வெரோனா எங்கே?"

"காஸ்மஸ் அண்ணன் ஜோடி இல்லாம தவிச்சாரு. அம்மா தொப்பியைப் போட்டுக்கிட்டுக் கூடப் போயிட்டாங்க," என்றாள் யூலின்.

"அவளுக்கு டாமினோ தெரியாதே?"

"நீங்க தோத்த ஆட்டத்தையெல்லாம் பார்த்தே கத்துக்கிட்டாங்களாம்."

பொழுது சாயும்போது காஸ்மஸ் வந்தான். தோளில் முழுப் பன்றித் தொடை. பின்னால் வெரோனா, தொப்பி கோணாமல் நடந்து வந்தாள். ஏணியில் பெயிண்டும் தானுமாக நின்ற மொடெஸ்டைக் காஸ்மஸ் அண்ணாந்து பார்த்தான். சுவரைப் பார்த்தான். தோளில் கிடந்ததை ஒரு முறை தட்டிக்கொண்டான்.

"பிரமாதம், வாத்தியாரே. அடுத்த வருஷமும் நீங்க பெயிண்டே அடிங்க."