பதினோரு வார்த்தைகளோடு நன்றாகத்தான் இருந்தோம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். உன்மேல் கோபமாக இருந்தாலும் இதை முறைப்படி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே உன் அக்கா நலம். என் முழங்கால் வழக்கம்போல. மேல்வீட்டுக்காரரோடு எனக்கிருந்த நட்பு மட்டும் போன செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்குச் செத்துப்போயிற்று. அதற்குக் காரணம் நீ.

மேல்வீட்டுக்காரரை நீ பார்த்திருக்கிறாய். முப்பது வருடம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டுத் தண்ணீர் எங்கள் சமையலறையில் சொட்டியபோது மாடியேறிக் கதவைத் தட்டி, "வாட்டர் ப்ராப்ளம்" என்றேன். "வெரி ப்ராப்ளம்" என்று ஒப்புக்கொண்டு, வாளியோடு இறங்கி வந்து தரையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "கம். டீ" என்றார். அன்று பிடித்த நட்பு. எங்கள் இருவரிடமும் சேர்த்து பதினோரு ஆங்கில வார்த்தைகள் இருந்தன. அதிலேயே உலக நடப்பைப் பேசினோம், டாக்டர்களைத் திட்டினோம், அவர் ரயிலைப் பற்றியும் நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினோம். "வைஃப்?" என்று அவர் கேட்பார். "வைஃப்" என்று நான் பெருமூச்சு விடுவேன். இதற்கு மேல் அந்த விஷயத்தில் சொல்ல என்ன இருக்கிறது, நீயே சொல்.

நீ லீவில் வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். எங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "என்ன அத்தான், தந்தி அடிக்கிற மாதிரி பேசிக்கிறீங்க, ஒரு முழு வாக்கியம் வேண்டாமா?" என்றாய். மறுநாளே என்னைத் தெருமுனை போட்டோ ஸ்டூடியோவின் மாடியில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்த்துவிட்டு ஊருக்குப் போய்ச் சேர்ந்தாய். நானும் மேல்வீட்டுக்காரரை அசத்த வேண்டும் என்று, தினமும் சாயங்காலம் டாக்டரிடம் போவதுபோல அவரிடம் முழங்காலைத் தொட்டுக் காட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே வகுப்புக்குப் போனேன். வகுப்பில் டீச்சரம்மா, மனதில் இருப்பதை ஒளிக்காமல் சொல்வதுதான் நாகரிகம் என்று ஒன்பது பாடம் நடத்தினார். ஏழாம் பாடம் கருத்துச் சொல்லுதல், எட்டு மறுத்துப் பேசுதல், ஒன்பது புகார் செய்தல். மூன்றிலும் நான்தான் முதல்.

செவ்வாய்க்கிழமை காலை கட்டட வாசலில் நாங்கள் வழக்கமாகப் பேசும் பெஞ்சில் உட்கார்ந்ததும், நேற்றிரவு நன்றாகத் தூங்கினீர்களா என்று முழு வாக்கியத்தில் கேட்டேன். அவர் அசந்துபோவார் என்று பார்த்தால் நான் அசந்துபோனேன். கேட்டதற்கு நன்றி, உண்மையைச் சொல்லப்போனால் தூங்கவில்லை, விடியற்காலை ஐந்து மணிக்கு நீங்கள் வைக்கும் ரேடியோதான் காரணம் என்று அவரும் முழு வாக்கியத்தில் சொன்னார். அதே மாடியில் காலை வகுப்புக்கு அவரும் போயிருக்கிறார். எனக்குத் தெரியாமல், என்னை அசத்துவதற்காக. நீ பேசியது அவருக்குப் புரியவில்லை, நீ சிரித்தது புரிந்திருக்கிறது.

அப்புறம் நான் சும்மா இருப்பேனா? உங்கள் வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் எங்கள் ஃபேன் ஆடுகிறது என்றேன். அந்தக் கருத்தை மரியாதையோடு மறுப்பதாக அவர் சொன்னார். அது எட்டாம் பாடம், பக்கம்கூட எனக்குத் தெரியும். மூன்று வருடமாக அவர் கையாலே செய்து கொடுத்து, நான் "வெரி குட்" என்று வாங்கிக்கொண்ட பிஸ்கட்டில் ஒன்றைத்தான் எங்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்று ஒன்பதாம் பாடத்தை எடுத்துவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நிதானமாக எழுந்து நின்று, நமது கட்டடத்து லிஃப்டை நீங்கள் பழுது பார்த்த நாளிலிருந்து நான் அதில் ஏறுவதில்லை, என் கருத்தில் அது பாதுகாப்பானதல்ல என்றார். நான் இதுநாள் வரை அந்த மனிதர் உடம்புக்கு நல்லது என்று படியேறுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் பார்த்த வேலை, மைத்துனா. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்றோடு ஆறு நாள் ஆகிறது. அவர் படியில் இறங்கினால் நான் லிஃப்டில் ஏறுகிறேன். பெஞ்சில் வேறு யாரோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். உன் அக்காவிடம் சொன்னால், "பேசத் தெரியாம இருந்தப்போ நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தீங்க" என்கிறாள். 'ஸாரி' தெரியாதா என்று நீ கேட்பாய். எல்லோருக்கும் தெரியும். அது கால் மிதிபட்டால் சொல்கிற ஸாரி. மூன்று வருடத்துப் பிஸ்கட்டுக்கு அது போதாது. பெரிதாக மன்னிப்புக் கேட்பது எப்படி என்று முதல் நிலைப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டிவிட்டேன், இல்லை. டீச்சரம்மாவைக் கேட்டால், அது இரண்டாம் நிலையில் நாலாம் பாடம் என்கிறார். சண்டையை முதலிலும் சமாதானத்தை அப்புறமும் வைத்த அந்தப் புண்ணியவான் யாரோ தெரியவில்லை. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் இரண்டாம் நிலைப் புத்தகத்தை வாங்கித் தபாலில் அனுப்பு. இல்லாவிட்டால் அந்த மனிதர் இல்லாமலே என் மிச்சக் காலம் போய்விடும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். குழந்தைகளுக்கு அதிகமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்காதே.

இப்படிக்கு,
உன்னால் தனிமரமான
அத்தான்

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, மேல்வீட்டுக்காரர் முதுகில் வைத்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினேன். அவரும் கையில் ஒரு கடிதத்தோடு படியருகே நின்றார். என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு என்னோடு லிஃப்டில் ஏறிவிட்டார். ஏறும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் கவனித்தேன். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. "ப்ராப்ளம்?" என்றார். "நோ ப்ராப்ளம்" என்றேன். "குட்" என்றார். அப்புறம் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டினார், கடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் கையிலிருந்தது அவருடைய மைத்துனருக்கு எழுதிய கடிதமாம், கிழித்துவிட்டார். நான் ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் கிழிக்க மனமில்லை, மேலே எழுதியதை நீ படிக்காமல் விட்டுவிடு. புத்தகம் அனுப்ப வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. அவரிடம் சொல்லவில்லை. அதற்கு ஆங்கிலத்தில் எனக்கு வார்த்தை தெரியாது என்று வைத்துக்கொள்.