நாலாயிரத்தைத் தாண்டாத முள்

என்ஜின் சுற்றைக் காட்டும் முள் நாலாயிரத்தைத் தொடப்போன நொடியில் நெரியோ மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். பின்னால் பன்றி ஏற்றிய லாரி மறுபடி ஹார்ன் அடித்தது. ஹார்ன் ஓய்ந்த பிறகு பன்றிகள் தொடர்ந்தன.

லாரி முந்திக்கொண்டு போனது. போகிற போக்கில் ஓட்டுநர் ஜன்னலை இறக்கி, வண்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். நெரியோ மறுபடி முள்ளைப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒன்பதாயிரம் சுற்று வரை போகக்கூடிய என்ஜின் இருந்தது. வண்டி மஞ்சள் நிறம். மூன்றரை நொடியில் நூறைத் தொடும். ஆனால் இன்றைக்கு அது பன்றிகளுக்குப் பின்னால்தான் போகும். கையேட்டின் பதினான்காம் பக்கம் அப்படிச் சொல்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டர் என்ஜின் பழக வேண்டும். நாலாயிரம் சுற்றைத் தாண்டக் கூடாது. ஒரே வேகத்திலும் போகக் கூடாது. ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும்.

இன்று திங்கள். ஞாயிற்றுக்கிழமை மோந்தெஸோலோ மலையில் பந்தயம். அதற்குள் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, சனிக்கிழமை மெக்கானிக் ரெமோவிடம் எண்ணெய் மாற்றி, ஞாயிறு காலை இந்த மிருகத்தை அவிழ்த்துவிட வேண்டும்.

பந்தயம் அவனுக்கு முக்கியம். அவன் மனைவி ஓர்னெல்லாவின் அண்ணன் அடெல்மோ அந்தக் கோப்பையை ஏழு முறை வாங்கியிருக்கிறான். அதுவும் எதில்? கோழித்தீவனம் ஏற்றுகிற, முப்பது வருஷத்துப் பெட்டி வண்டியில். நெரியோ ஒருமுறைகூடப் பந்தயத்தைப் பார்த்ததில்லை. அவன் பாலாடைக்கட்டி செய்பவன். பசுக்களுக்கு ஞாயிறு கிடையாது, செப்புக் கொப்பரைக்கும் கிடையாது. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக, ஞாயிறு காலை முழுக்கக் கொப்பரையில் கையை விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்க் கோப்பையை மட்டும் பார்த்திருக்கிறான். அது சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே, சூப் கிண்ணத்துக்கு மேலே இருக்கும்.

ஒருமுறை எல்லோரும் முலாம்பழம் தின்றுகொண்டிருந்தபோது வெளியே நழுவி, அந்தப் பெட்டி வண்டியின் மூடியைத் திறந்து பார்த்தான். உள்ளே தூசியும் வைக்கோலும் ஒரு சின்ன என்ஜினும் இருந்தன. பந்தயத்தன்று மட்டும் வேறு என்ஜினை மாட்டுகிறான் என்று முடிவுக்கு வந்தான். அதற்குப் பதில்தான் இந்த மஞ்சள் வண்டி.

ஓர்னெல்லா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"கோப்பையோட வந்தா வண்டி இருக்கும். கோப்பை இல்லைன்னா திங்கக்கிழமையே வித்துடுற. வீட்டுக் கூரை அஞ்சு வருஷமா ஒழுகுது."

"எழுதி வேணும்னாலும் தரேன்."

"எழுத வேணாம். எனக்கு ஞாபகம் இருக்கும்."

சமவெளியின் நேர்சாலையில் நெரியோ ஏற்றினான், இறக்கினான். ஐம்பது, தொண்ணூறு, அறுபது, எண்பது. மதியத்துக்குள் காவலர்கள் நிறுத்தினார்கள். குடித்துவிட்டு ஓட்டுவதாக இரண்டு பேர் தொலைபேசியில் சொல்லியிருந்தார்களாம். குழாயில் ஊதினான். ஒன்றும் இல்லை. என்ஜின் பழக்குகிறேன் என்று அவன் விளக்கியதுதான் தவறாகிப் போனது. முதல் காவலரின் மாமா இருபது வருஷம் என்ஜின் சோதனை மேடையில் வேலை பார்த்தவர். முதல் நாளே விரட்டாவிட்டால் என்ஜின் கடைசிவரை சோம்பேறியாகவே இருக்கும் என்பது மாமாவின் கட்சி. இரண்டாம் காவலர், தன் அப்பாவின் டிராக்டரை இரண்டு வருஷம் பழக்கியதாகவும் அது இன்னும் உழுவதாகவும் சொன்னார். இருவரும் நாற்பது நிமிஷம் சண்டை போட்டார்கள். அவனுடைய ஓட்டுநர் உரிமம் அத்தனை நேரமும் மாமா கட்சிக்காரரின் கையில் இருந்தது, பேசுவதற்கு ஏற்ப ஆடிக்கொண்டு. கடைசியில் அதைத் திருப்பிக் கொடுத்து, அந்தக் காலத்து வழக்கம்போல ஒரு அறிவிப்பைப் பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒட்டினான். வெள்ளை அட்டையில் கறுப்பு எழுத்து: என்ஜின் பழகுகிறது.

அதுவரை ஹார்ன் அடித்தவர்கள் இப்போது படிப்பதற்காக ஒட்டிக்கொண்டு வந்தார்கள். படித்தவர்கள் பக்கத்தில் வந்து கருத்துச் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் எவனுக்கும் ஒரு மாமாவாவது என்ஜின் தொழிற்சாலையில் இருந்திருப்பார். சிக்னலில் ஒரு பல்மருத்துவர் எண்ணெயின் தடிமனைப் பற்றிப் பேசப் பேச இரண்டு பச்சை விளக்குகள் போயின. வரிசை ஆற்றுப்பாலம் வரை நின்றது. பள்ளி வேன் ஓட்டிவந்த கன்னியாஸ்திரீ, விரட்டத்தான் வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தானே செய்து காட்டுவதுபோல் அவனை முந்திப் போனார்.

அன்று மாலைவரை மொத்தம் முந்நூற்று எண்பது கிலோமீட்டர். அட்டையைக் கிழித்துப் போட்டான்.

ஆளில்லாத சாலை வேண்டும். ஏற்றமும் இறக்கமும் தானாகவே இருக்க வேண்டும். மலைச்சாலைதான் சரி. பந்தயமும் அதே சாலையில்தான். அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒன்பது கிலோமீட்டர், முப்பத்தொரு கொண்டைஊசி வளைவு. புதன் காலை ஏழு மணிக்குத் தொடங்கினான்.

இங்கே அவனுடைய தொழில் கைகொடுத்தது. கொப்பரைப் பாலை ஐம்பத்தைந்து டிகிரிக்கு ஏற்றும்போது ஒரு டிகிரி துள்ளினால் அன்றைய பாலாடைக்கட்டிச் சக்கரம் பாழ். இருபத்தைந்து வருஷம் அப்படி ஏற்றியவன். முள்ளை மூவாயிரத்து எண்ணூறுக்குக் கொண்டுபோய், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கி, அடுத்த வளைவில் மறுபடி ஏற்றினான். எந்த வளைவில் எந்தக் கியர், எந்தக் கல்லருகே காலை எடுப்பது என்று நான்காம் முறையிலேயே படிந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு ஏற்றமும் முந்தைய ஏற்றத்தின் அச்சாக இருந்தது.

உச்சியில் ஆர்ஜியாவின் காப்பிக்கடை. ஆர்ஜியாவுக்கு எழுபது வயது, பந்தயக் குழுவுக்கும் அவள்தான் தலைவி. கடைவாசலில் நான்கு கிழவர்கள் சாலையைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தார்கள். மஞ்சள் வண்டி வந்ததும் நால்வரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

நெரியோவுக்குக் காது சுட்டது. இவ்வளவு பெரிய வண்டியில் இவ்வளவு நேரமா என்று கேலி செய்கிறார்கள். திரும்பி இறங்கினான். மறுபடி ஏறினான். மறுபடியும் நான்கு கடிகாரங்கள்.

வியாழக்கிழமை நாற்காலிகள் பதினொன்றாகின. விறகு ஏற்றிய மூன்று சக்கர வண்டி ஒன்று அவனை நேர்ப்பாதையில் முந்தியது. ஓட்டிவந்த ஆள் போகும்போது தலையைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டு போய், கிட்டத்தட்டச் சாக்கடையில் இறங்கினான். உச்சியில் ஒரு கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். அந்த ஊரில் சவ வண்டிக்குத்தான் தொப்பியைக் கழற்றுவார்கள். நெரியோ பல்லைக் கடித்துக்கொண்டான். காலடியில் ஐந்தாயிரம் சுற்றுகள் சும்மா கிடந்தன. ஒரே ஒரு மிதி போதும், பதினொரு நாற்காலியும் கவிழும். பதினான்காம் பக்கத்தை நினைத்துக்கொண்டு காலை எடுத்தான்.

மதியம் காப்பிக்கு நிறுத்தினான். ஆர்ஜியா காசை வாங்க மறுத்துவிட்டாள்.

"உனக்கெல்லாம் காசு வாங்கக் கூடாது, தம்பி."

பரிதாபப்படுகிறாள் என்று நினைத்தான். காப்பி கசந்தது. அதைவிட ஞாயிற்றுக்கிழமை இனித்தது. எண்ணி எண்ணி ஓட்டினான். எழுநூறு. எண்ணூறு. என்ஜினின் குரல் மாறிக்கொண்டே வந்தது. திங்களன்று இரும்பைத் தின்பதுபோல் இருந்தது, இப்போது தொண்டைக்குள் உறுமியது. மிதிக்காமலேயே இழுத்தது.

வெள்ளிக்கிழமை இருபதாம் வளைவில் அடெல்மோ கையைக் காட்டி நிறுத்தினான். சவரம் செய்யவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"மாப்ள, நீ நிஜமாவே ஞாயித்துக்கிழமை கலந்துக்கிறியா?"

"பேரு கொடுத்தாச்சு, மச்சான். சீட்டுல கையெழுத்தும் போட்டாச்சு."

"இப்ப ஏறுற மாதிரிதான் அன்னைக்கும் ஏறப்போறியா?"

இதைவிடக் குத்தலாக ஒருவன் கேட்க முடியாது. நெரியோ ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"இது சும்மா பழக்கம் மச்சான். ஞாயித்துக்கிழமை பாரு."

அடெல்மோவின் முகத்தில் ரத்தம் வற்றியது. சாலையோரப் பாதுகாப்புக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். நெரியோ அந்த ஏற்றம் முழுக்கப் பாடிக்கொண்டே போனான், முள் மூவாயிரத்து எண்ணூறில்.

அன்று மாலை ஓர்னெல்லா ஒரு விஷயம் சொன்னாள். அண்ணன் வந்திருந்தானாம். சூப்பில் போட்ட டோர்டெல்லீனிக் கொழுக்கட்டையை அப்படியே வைத்துவிட்டானாம். இந்த வருஷம் மட்டும் உன் புருஷனை விட்டுக்கொடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டானாம்.

"எங்க அண்ணன் தட்டுல மிச்சம் வச்சு நான் பார்த்ததே இல்ல," என்றாள். "மலையில அப்படி என்னதான் பண்ற?"

"மெதுவாப் போறேன்."

"அதுக்கா பயப்படுறான்?"

"ஞாயித்துக்கிழமை வரப்போறதுக்கு பயப்படுறான்."

சனிக்கிழமை காலை இரண்டு ஏற்றம். ஆயிரம் தொட்டது. முப்பத்துநான்கு முறை அந்த மலையில் ஏறியிருந்தான். பதினொரு மணிக்கு ரெமோ எண்ணெயை மாற்றினான், பழையதை விரலில் தேய்த்து முகர்ந்தான், இவ்வளவு ஒழுக்கமாகப் பழக்கிய என்ஜினைத் தான் பார்த்ததில்லை என்றான்.

"இனிமே அவுத்துவிடலாமா?" என்றான் நெரியோ.

"அவுத்துவிடு. ஒன்பதாயிரம் வரைக்கும் உன்னோடதுதான்."

ஞாயிறு. கொப்பரையை உதவியாளரிடம் விட்டுவிட்டு வந்திருந்தான், வாழ்க்கையில் முதல் முறையாக. சாலையை இரண்டு மணி நேரம் மூடியிருந்தார்கள். இருபத்திரண்டு வண்டிகள், இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாகப் புறப்பட வேண்டும். அடெல்மோ முதல் எண். நெரியோ ஒன்பது. அடெல்மோவின் மனைவி மடியில் தாளும் கையில் கடிகாரமுமாக அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மற்ற வண்டிகளிலும் பக்கத்து இருக்கையில் யாராவது இருந்தார்கள். நெரியோவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பந்தயத்தில் எண்பது கிலோ கூடுதல் எடையா? அவன் தன் வண்டியிலிருந்து தரைவிரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தான்.

முன்னால் இருந்தவர்கள் தள்ளுவண்டிபோல் கிளம்பினார்கள். என்ஜின் சூடாகவில்லை போலிருக்கிறது. அவன் எண் வந்ததும் கொடிக்காரர் குனிந்து மரியாதையாக வணக்கம் சொன்னார். கொடி இறங்கியது.

நெரியோ மிதித்தான்.

நாலாயிரத்தை முள் கவனிக்கவே இல்லை. ஆறாயிரத்தில் அவன் வயிறு முதுகோடு ஒட்டியது. எட்டாயிரத்தில் பாறைகள் திருப்பிக் கத்தின. ஒன்பதாயிரத்தில் கியரை மாற்றியபோது அவனும் கத்திக்கொண்டிருந்தான் என்பது அவனுக்கே தெரிந்தது. ஒரு வாரத்து லாரிகள், பல்மருத்துவர், கன்னியாஸ்திரீ, கழற்றிய தொப்பி எல்லாம் பின்கண்ணாடியில் சிறுத்துப் போயின. ஏழாம் வளைவில் எட்டாம் எண்ணை முந்தினான். அந்த வண்டியில் கணவனும் மனைவியும் வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தார்கள். பத்தொன்பதாம் வளைவில் ஏழாம் எண். இருபத்தெட்டில் ஆறாம் எண், அது ஏறக்குறைய நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவும் கைக்குத் தெரிந்திருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது ரப்பர் வாசனை அவனுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஐந்து நிமிஷம் நாற்பது நொடி.

உச்சியில் ஊரே நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. திகைத்துப் போய்விட்டார்கள், பாவம். அவன் கதவைத் திறந்து இறங்கினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடெல்மோ ஓடிவந்தான், இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான், கண்ணில் நீர் வழிந்தது.

"மாப்ள, இதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

தோற்றவன் இவ்வளவு பெரிய மனசோடு பேசுவான் என்று நெரியோ எதிர்பார்க்கவில்லை. அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, கடிகாரத்தோடு மேஜையில் உட்கார்ந்திருந்த ஆர்ஜியாவிடம் போனான். பக்கத்தில் ஓர்னெல்லா நின்றிருந்தாள். அவள் முகத்தைப் படிக்க முடியவில்லை.

"சொல்லுங்க அக்கா. கோப்பை எனக்குத்தானே?"

ஆர்ஜியா கண்ணாடியைக் கழற்றி, அவனை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மணிக்கு நாப்பது கிலோமீட்டர், பதிமூணரை நிமிஷம், அதுக்கு யாரு நெருக்கமா வர்றாங்களோ அவங்களுக்குத்தான் கோப்பை, ஐம்பது வருஷமா இங்க அதுதான் பந்தயம், முப்பத்துநாலு தடவை ஒரு நொடி பிசகாம ஏறி ஊரையே நடுங்க வச்சியே, இன்னைக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி அவசரப்பட்டே?"