எழுபத்தைந்திலிருந்து ஐம்பத்திரண்டுக்கு

நாட்குறிப்பில் எழுதியதை நான் அடிப்பதில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமைப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது: ‘காலை 10.58. திரையைச் சரிசெய்தேன்.’

பொம்மனஹள்ளித் தொழிற்சாலை ஒன்றில் நான் தர ஆய்வாளன். ஓர் அளவு இதிலிருந்து இதுவரை இருக்கலாம் என்றால் நாங்கள் நடுவைத்தான் குறிவைப்போம். எல்லையை ஒட்டி நிற்கும் பொருளைக் கண்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது (இறங்கும், பேசாமல் சாப்பிடுவேன்).

அன்று பதினோரு மணிக்கு என் மனைவி ஸ்டெல்லாவுக்குத் தலைமை ஆசிரியை பதவிக்கான நேர்காணல், விவேக் நகர் வீட்டிலிருந்தே வீடியோவில். பதினான்கு வருடம் வகுப்பெடுத்தவள் காத்திருந்த வாய்ப்பு. முந்தின நாளே புதுத் திரையின் கையேட்டைப் படித்துவிட்டேன். திரை நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதற்கு ஒரு வரம்பு உண்டாம். முதல் வரியில் 24 முதல் 80 வரை என்றிருந்தது. எங்கள் திரையோ 75இல், எல்லையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டி, பாதியாக்கினேன். 52.

“ஏங்க, நல்லாத்தானே தெரியுது. இன்னைக்கி அத விடுங்களேன்.”

“இன்னைக்கிதான் ஸ்டெல்லா செய்யணும். முக்கியமான நாள்ல மெஷின் எட்ஜுல ஓடக் கூடாது.”

அழைப்பில் இணைந்து காத்திருந்தபோதே 52 போட்டேன். ‘வரம்புக்கு வெளியே’ என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் தோன்றியது. பிறகு ஒரே கறுப்பு. விசைப்பலகையில் ஏழு விசைகளை அழுத்தினேன். எதுவும் வரவில்லை. கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் மட்டும் வந்தது.

“குட் மார்னிங் மேடம். உங்க முகம் நல்லா தெரியுது.”

ஸ்டெல்லா அந்த இருட்டைப் பார்த்துப் புன்னகைத்து வணக்கம் சொன்னாள். நான் மேசைக்கடியில் நுழைந்தேன், லுங்கியோடு (கேமராவில் வரவேண்டியவன் நானல்லவே).

“பசங்க தப்பு பண்ணா எப்படி ஹேண்டில் பண்ணுவீங்க?”

“முதல்ல பொறுமையா இருக்கணும் மேடம். உடனே கை வைக்கக் கூடாது” என்றாள் ஸ்டெல்லா. அவள் குதிகால் என் முதுகில் அழுந்தியது; ‘ஆ’ என்றேன்.

“மேடம், டேபிளுக்குக் கீழ யாரோ...”

“ஹஸ்பெண்டு. டெக்னிக்கல் சப்போர்ட்.”

அந்தக் கௌரவத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்று திரையின் வயரைப் பிடுங்கினேன். அது கணினியின் வயர். நேர்காணல் அதோடு முடிந்தது. அவள் போன் செய்தபோது அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். பதவி வேறொருவருக்குப் போனது. ஸ்டெல்லா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை; அதையும் குறித்திருக்கிறேன்.

நேர்காணலன்று மாலையே கல்லூரியிலிருந்து வந்த மகள் ஷரோன் கையேட்டைப் புரட்டினாள். “டாடி, நீங்க பாத்தது கோடு கணக்கு. ஸ்கிரீன் செகண்டுக்கு எத்தன ஆயிரம் கோடு வரையுதுன்னு. படக் கணக்கு அடுத்த வரியில இருக்கு, பாருங்க. 56 டு 75. இந்த 75தான் கரெக்டு.”

“சரிம்மா. கறுப்பானதும் என்ன பண்ணியிருக்கணும்?”

“ஒண்ணும் பண்ணாம இருந்திருக்கணும். மாத்தினதும் கம்ப்யூட்டர் இதையே வெச்சுக்கவான்னு கேக்கும். பதினஞ்சு செகண்ட் பதில் சொல்லலன்னா அதுவே பழசுக்கு வந்துடும். நீங்க எதையோ அழுத்தி ஓகே சொல்லிட்டீங்க.”

அன்றிலிருந்து நான் ஸ்குரூ டிரைவரோடு எழுந்தாலே அம்மாவும் மகளும் சத்தமாக எண்ணத் தொடங்குவார்கள். பத்தைத் தாண்டியதில்லை, உட்கார்ந்துவிடுவேன்.

மறு வருடம் இன்னொரு பள்ளியில் நேர்காணல் வந்தது. “நீங்க கோயில்ல போயி உக்காருங்க. ஜெபம் பண்ணுங்க, இல்ல எண்ணுங்க” என்றாள் ஸ்டெல்லா. குழந்தை இயேசு கோயிலின் கடைசி பெஞ்சில் பதினைந்து பதினைந்தாக எண்ணினேன். அவள் தலைமை ஆசிரியை ஆனாள்.

அன்றைய பக்கம்: ‘காலை 11.00. ஒன்றும் செய்யவில்லை.’ என் நாட்குறிப்பில் ஸ்டெல்லா சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஒரே பதிவு அதுதான்.