கதவுக்கு வெளியே நிற்கும் சாமி

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

வெள்ளவத்தையிலிருந்து தங்கச்சி அருந்ததி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். நீங்களும் அந்தப் பனிக்குள்ளே விறைத்துப் போகாமல் சுகமாக இருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துக் கோணல் என்று அண்ணி சிரிக்கக் கூடாது. அண்ணி அவித்த புட்டைப் பார்த்து நான் சிரித்தேனா?

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் நான் கக்கூசுக்குத் தனியாகப் போவதில்லை. உங்கள் மச்சான் கதவுக்கு வெளியே நின்று "அரோகரா" சொல்ல வேண்டும், உள்ளேயிருந்து நான் பதில் சொல்வேன். பயம், அண்ணா. அதிலும் பகிடி என்னவென்றால், பயமே இவரைப் பார்த்துத்தான்; குரல் கேட்டால்தான் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம் என்றால், போனைத் தொட்டாலே சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்கிறார். அதனால்தான் கனடாவுக்கு வரும் என் சிநேகிதி சுபோதினியின் கையில் கடிதமாகக் கொடுத்து விடுகிறேன்.

எல்லாம் கதிர்காமப் பாதயாத்திரையால் வந்த வினை. மகள் நிருஷாவுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தால் குடும்பமாக நடந்து வருகிறோம் என்று நேர்ந்தது நான். கிடைத்ததும் தகப்பனையும் மகளையும் இழுத்துக்கொண்டு போனதும் நான். இவரோ வங்கிக் கதிரையை விட்டு எழும்பாமலே பென்ஷன் எடுத்த மனுஷன். உகந்தையில் காட்டுக்குள் கால் வைத்தவுடனேயே, "இஞ்ச பாரப்பா, இது கோயிலுக்குப் போற வழியோ, கரடி வீட்டுக்குப் போற வழியோ?" என்று தொடங்கிவிட்டார். காட்டுக்குள்ளே ஒரு முறை உண்டு: பெயர் சொல்லி ஒருவரையும் கூப்பிடக் கூடாது, ஆண், பெண், பிள்ளை எல்லாருமே சாமி. முன்னால் வேல் கொண்டு போகிறவர் அரோகரா என்றால் வரிசை முழுக்கச் சொல்லி, கடைசி ஆளின் குரலும் கேட்ட பிறகுதான் நடை. எங்கள் கடைசி ஆள் இவர். வீங்கின காலோடு, எனக்குக் கேட்கத்தக்கதாகப் புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

நாவலடி தாண்டி உச்சி வெயில். ஒரு குருவிச் சத்தம் இல்லை. அரோகரா என்றோம். பின்னால் பதிலைக் காணோம். திரும்பினேன், வெறும் பாதை. புருஷனின் பெயரைச் சொல்லிப் பழகாத வாய், காட்டு முறையும் அப்படி. "சாமி! வாங்கோ சாமி!" என்று கத்தினேன். "வந்திட்டன் சாமி" என்று பற்றைப் புதருக்குள்ளிருந்து வந்தார். சிரித்த முகம். அந்த மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்து எத்தனை வருஷம்! கால் வீக்கத்தைக் காணோம். கண்ணாடியையும் காணோம்.

"கண்ணாடி எங்கயப்பா?" என்றாள் நிருஷா.

"தேவையில்லை சாமி."

அதற்குப் பிறகு எங்களுக்கு முன்னால் போய் நடந்தார். ஆனால், அண்ணா, நாங்கள் அரோகரா சொன்ன ஒவ்வொரு தடவையும் வெகு தூரத்தில், பின்னால், ஒரு குரல் பதில் சொன்னது. களைத்த குரல். நான் நின்றேன். "திரும்பாதேங்கோ சாமி, காடு அப்பிடித்தான் விளையாடும்" என்றார் வேல்காரர். நான் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இவர் சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவுகிறார். குறட்டை இல்லை. பேப்பரில் மரண அறிவித்தலைக் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார், வாசித்துவிட்டுச் சிரிக்கிறார். என் பாதம் முழுக்கக் கொப்புளம், இவருடையது கைக்குழந்தையின் பாதம் மாதிரி. என்னையும் சாமி என்கிறார், மீன்காரனையும் சாமி என்கிறார். கீழ்வீட்டுப் புவாத் நானாவைத் தெரியும்தானே, இவர் நடக்கிற சத்தத்துக்குத் கூட்டுகிற தும்புத்தடியால் சீலிங்கில் இடிக்கிறவர். அவர் நேற்று மேலே வந்து, "என்ன அக்கா, ஐயா இன்னும் யாத்திரையால வரல்லயா? நடக்கிற சத்தமே இல்ல" என்றார். இவர் கதவுக்குப் பின்னால்தான் நின்றார்.

"அம்மா, அப்பா திருந்தீட்டார். நீங்கள் குழப்பாதேங்கோ" என்கிறாள் நிருஷா. திருந்தினால் சந்தோஷப்பட வேண்டியவள் நான்தான். ஆனால் தேத்தண்ணி ஆறிப்போச்சு என்ற அந்தப் புறுபுறுப்பு இல்லாமல் வீடு காடு மாதிரிக் கிடக்கிறது. நீங்கள் இவரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். சின்ன வயதில் இப்படிச் சிரிப்பாரா? என்னோடு வீட்டுக்கு வந்தது என் புருஷன்தானா என்று உங்களை விட்டால் நான் ஆரிடம் கேட்பேன்?

இதையெல்லாம் எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கந்தன் ஒரு மனுஷனைத் திருத்தித் தந்தால், அதை நான் பேய்க்கதை ஆக்கிக்கொண்டு இருக்கிறேன். மேலே எழுதினதை மறந்துவிடுங்கள். வருகிற வருஷம் நீங்களும் பிள்ளைகளோடு வந்து நடந்து பாருங்கள், ஒரு பயமும் இல்லை. அண்ணியின் முழங்காலை முருகன் பார்த்துக்கொள்வான். அவனுக்கும் வேலை வேண்டும்தானே.

உங்கள் பாசமுள்ள தங்கச்சி,
அருந்ததி

பி.கு. உறையை ஒட்டப் போகிற நேரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "என்னப்பா நீங்கள்? பின்னால நிண்டு அரோகரா அரோகரா எண்டு கத்தினனான், ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல! இப்பதான் காட்டுக் காவல்காரர் என்னைக் கண்டுபிடிச்சுக் கொண்டந்து விட்டவை. கண்ணாடியும் உடைஞ்சு போச்சு. இஞ்ச தேத்தண்ணியெண்டு தந்தாங்கள், ஆறின தண்ணி." நான் அழுதுவிட்டேன். முதல் பஸ்ஸில் வரச் சொன்னேன். திரும்பினால் இவர் நிற்கிறார். "ஆர் சாமி போனில?" என்றார். கேபிள்காரன் என்றேன். சிரித்தார். அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிக் குசினித் தரை வரைக்கும் வழிந்துவிட்டது. இவர் குனிந்து துடைத்துக்கொண்டிருக்கிறார். வருகிறவர் துடைக்க மாட்டார்.