மூன்று நிமிடம் பொறுக்காதவர்

ஏசி வாங்கும்போது பில்லில் எழுதாமலே கூட வந்துசேரும் உயிரினம் ஒன்று உண்டு. அதற்கு ரிமோட்காரர் என்று பெயர். பெட்டி சுவரில் ஏறும்வரை சோபாவில் சாதுவாக உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த மனிதர்தான். மெக்கானிக் ரிமோட்டை நீட்டியதும் எழுந்து வாங்கியவர், அன்றே அதற்கு ஒரு பாலிதீன் உறை மாட்டி, உறைக்கு மேல் இரண்டு ரப்பர் பேண்டு போட்டு, சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்திலும் தூங்கும்போது தலையணைக்கு அடியிலும் வைத்துக்கொள்கிறார். வேறு யாராவது தொட்டால்? தொட்டுப் பாருங்களேன்.

தேங்காப்பட்டணத்து சைபுதீன் இந்த இனத்தில் நல்ல வளர்த்தியான ஒருவர். தம்மாமில் ஒரு பெரிய கடையின் குளிர்க்கிடங்கில் இருபத்திரண்டு வருடம் கோழிப் பெட்டிகளுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வந்தவர். ஆகவே குளிரைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. “மைனஸ் பதினெட்டுல நின்னவன்லே நான்” என்பார். அங்கே குளிரை உண்டாக்கிய இயந்திரத்தின் பக்கம் போக அவருக்கு அனுமதியே இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்.

மகள் முப்ஷிரா பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை, பதினெட்டு நாள். நாற்பதாம் நாள்தான் குளச்சலில் இருக்கும் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும். வீட்டு வேலை இல்லை, உம்மா கையால் கஞ்சி, பிள்ளை தூங்கும்போது தானும் தூங்கலாம். இந்த நாற்பது நாளை அவள் ஒன்பது மாதமாக எண்ணிக் காத்திருந்தாள். மே மாதப் புழுக்கத்துக்காக அவள் அறையில் புது ஏசி போட்டார்கள். இரண்டு வேகத்தில் ஓடும் வகை.

அதைப் போட்டுத்தந்த மெக்கானிக் கருங்கல் ஜான்ரோஸ், போகும்போது அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்று கூப்பிட்டு, நன்றாகத்தான் சொல்லிவிட்டுப் போனான்.

“காக்கா, இதுக்குள்ள ரெண்டு வேகம் உண்டு, கேட்டியளா. நீங்க இருபத்தாறுன்னு வச்சா போதும். ரூமுல சூடு ஒண்ணு ரெண்டு டிகிரிதான் கூடன்னா மெதுவா ஓடும். அதுக்கு மேல கூடினா, இல்ல மெதுவா ஓடியும் சூடு இறங்கலன்னா, அதுவே பெரிய வேகத்துக்குப் போவும். குளிர்ந்தா அதுவே இறங்கும். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்.”

ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு ரிமோட்காரரைப் பார்த்து இதைவிடப் பெரிய அவமானத்தை யாரால் சொல்ல முடியும்?

“இன்னொண்ணு. கம்ப்ரஸர் நின்னுதுன்னா மூணு நிமிஷம் கழிச்சுதான் மறுபடி எடுக்கும். உள்ள இருக்க கேஸ் அடங்கணும். அதுக்கு முன்னால சுவிட்சை அணைச்சுப் போட்டா, மூணு நிமிஷம் முதல்லேருந்து எண்ணும்.”

“எனக்கா படிப்பிச்சுத் தாற?” என்றார் சைபுதீன். “மைனஸ் பதினெட்டு...”

ஜான்ரோஸ் பைக்கைக் கிளப்பிவிட்டான்.

மறுநாளிலிருந்து அந்த அறையின் பருவநிலை சைபுதீனின் கட்டைவிரலில் இருந்தது. மதியம் உள்ளே வருவார். புழுக்கமாக இருக்கிறதே என்று பதினாறில் வைப்பார். பதினாறு என்றால் சீக்கிரமாகவும் நிறையவும் குளிரும் என்பது அவர் கொள்கை. இயந்திரம் என்ன செய்யும், அறைக்கும் பதினாறுக்கும் நடுவே இத்தனை தூரமா என்று திகைத்துப் பெரிய வேகத்துக்குத் தாவும், இறங்க மறந்து முழங்கும். கால் மணி நேரத்தில் பிள்ளை தும்மும். உடனே முப்பது. கம்ப்ரஸர் நின்றுவிடும். வெறும் காற்று வரும். இரண்டு நிமிடம் ஆவதற்குள் பிள்ளை முகம் சுளித்துச் சிணுங்கும். மறுபடி பதினாறு.

குளிர் வராது. மூன்று நிமிடம் ஆகவில்லையே. சைபுதீன் ஏசிக்கு நேர்கீழே போய் நின்று, கையை மேலே நீட்டி, காற்றை உள்ளங்கையில் பிடித்து விரல் நுனியால் உரசிப் பார்ப்பார், ஏதோ துணிக்கடையில் சேலையின் தரம் பார்ப்பதுபோல.

“எடுக்கல” என்பார். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பார். போடுவார். ஒரு நிமிடம் நிற்பார். அதுவே அவருக்கு ஒரு யுகம். “இப்பவும் எடுக்கல.” அணைப்பார். போடுவார்.

“வாப்பா, கொஞ்சம் சும்மா விடுங்களேன்” என்பாள் முப்ஷிரா.

“சும்மா விட்டா மெஷின் கெட்டுப்போவும் மோளே.”

“ஒங்களுக்கு ஒரு கோழிப் பெட்டி வாங்கித் தாறேன்” என்று அடுக்களையிலிருந்து அவர் மனைவி பல்கீஸ் பீவி குரல் கொடுப்பாள். “அதைப் போட்டு ஆட்டிட்டு இருங்க. பிள்ளையை விடுங்க.”

இந்த நேரம் பார்த்துத்தானா வர வேண்டும்? வியாழக்கிழமை குளச்சல் மாமி, அதாவது முப்ஷிராவின் மாமியார், பலகாரப் பாத்திரத்தோடு வந்து இறங்கினாள். அறை அடுப்படிபோல் இருந்தது. சைபுதீன் ஏழாவது முறையாகச் சுவிட்சை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மாமி பிள்ளையைத் தூக்கிக் கழுத்து மடிப்பை விலக்கிப் பார்த்தாள். சிவப்புச் சிவப்பாக வேர்க்குரு.

“எங்க வீட்டுலயும் ஏசி உண்டு மோளே” என்றாள் மெதுவாக. “அது ஓடவும் செய்யும். ஞாயித்துக்கிழமை வாறேன். அன்னைக்கும் பிள்ளை இப்படிக் கெடந்தா, தாயையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிருவேன். எனக்கு நாப்பது கணக்கில்ல, பிள்ளைதான் கணக்கு.”

நாற்பது நாளில் பாதி போய்விடும் என்று முப்ஷிரா கலங்கினாள். சைபுதீனும் கலங்கினார். அன்று சாயங்காலம்வரை இருமடங்கு வேகத்தில் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சைபுதீன் குளித்து, அத்தர் பூசி, ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு ஜும்மாவுக்குப் போனார். போகிற அவசரத்தில் கடைசியாக அழுத்தியது இருபத்தாறு. கொஞ்ச நேரத்தில் இயந்திரம் மெல்ல முனகிற்று. அறை குளிர்ந்தது. குளிர்ந்தபின் சத்தம் இன்னும் தணிந்தது. பிள்ளை தும்மவில்லை, அழவில்லை. வாப்பா திரும்பி வந்து அலமாரியைத் திறக்கும்வரை ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். முப்ஷிரா மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

ஜான்ரோஸைப் போனில் பிடித்தாள். “அண்ணா, வாப்பாட்டேருந்து ரிமோட்டை வாங்க ஒக்காது. வேற வழி உண்டுமா?”

“உண்டு” என்றான் அவன், அனுபவஸ்தன். “நீ பத்தாவது ஆளு.”

சனிக்கிழமை சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தான். ரிமோட்டையும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கினான். டாக்டரிடம் குழந்தையைக் கொடுப்பதுபோல் சைபுதீன் கொடுத்தார். ஜான்ரோஸின் பையில் அதே அச்சில் வேறொரு ரிமோட் இருந்தது. எண் காட்டும், ஏறும், இறங்கும்; ஆனால் இந்த ஏசி அதன் பேச்சைக் கேட்காது. பாலிதீன் உறை இதிலிருந்து அதற்கு மாறியது, ரப்பர் பேண்டும் மாறியது. உண்மையான ரிமோட் ஏசியை இருபத்தாறில் ஓடவிட்டுவிட்டு, பிள்ளையின் துணிப்பைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சுவர் சுவிட்சுக்கு முன்னால் துணி அலமாரியை நகர்த்திப் போட்டார்கள்.

“அழுத்தினா பீப்புன்னு கேட்டுட்டு இருந்துதே?” என்றார் சைபுதீன்.

“பிள்ளை முழிக்கும்னு சத்தத்தை எடுத்துட்டேன் காக்கா.”

“அது நல்லது. நானே சொல்லணும்னு இருந்தேன்.”

ஞாயிறு மதியம் மாமி வந்தாள். அறைக்குள் கால் வைத்ததும் முந்தானையால் தோளை மூடிக்கொண்டாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். மாமி குனிந்து கழுத்தைப் பார்த்தாள். வேர்க்குரு வாடத் தொடங்கியிருந்தது. சைபுதீன் ஓரமாக நின்று, பதினாறு, முப்பது, பதினெட்டு, இருபத்தெட்டு என்று மும்முரமாக அழுத்திக்கொண்டிருந்தார். ஏசி தன் மெது வேகத்தில், யாரையும் பொருட்படுத்தாமல், ஓடிக்கொண்டிருந்தது.

“இதுக்கு ஒரு கைப்பக்குவம் உண்டு” என்றார் சைபுதீன். “விட்டு விட்டுக் குடுக்கணும்.”

மாமி அவரைப் புது மரியாதையோடு பார்த்தாள். “நாப்பது முடியட்டும் மோளே” என்று முப்ஷிராவிடம் சொன்னாள். பிறகு தயங்கி, “எங்க வீட்டு ஏசியும் எப்பவாவது மக்கர் பண்ணும். ஒங்க வாப்பா ஒரு நாள் வந்து பாத்தா நல்லது.”

முப்ஷிரா பிள்ளையின் துணிப்பையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “போவாரு மாமி. ரிமோட்டைக் கையோட கொண்டு போவாரு.”

சைபுதீனைப் பார்த்து நீங்கள் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மடியிலோ தலையணைக்கு அடியிலோ உறை போட்ட ரிமோட் ஒன்று இருக்கிறதா? எடுத்து ஒரு முறை அழுத்துங்கள். பீப் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் பதற வேண்டாம். மெக்கானிக் சத்தத்தை எடுத்துவிட்டுப் போனதாக உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்களே.