தோசை மாவும் பல்லி முட்டையும்

ஜேர்மனிக்கு வந்த எங்கள் சனத்தில் பல்லிக்குப் பேறுகாலம் பார்த்தவர் ஒரேயொருவர்தான். எசன் நகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவோ, நாங்கள் பல்லியர் என்போம். அவர் காதுபடவே சொல்வோம். அவருக்கு அது ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி.

சுவரில் ஓடுகிற பல்லி என்று நினைக்க வேண்டாம். பாலைவனத்துப் பல்லி. மஞ்சள் உடம்பு, சிறுத்தைப் புள்ளி, தடித்த வால். மாரியில் பல்லியர் கம்பளித் தொப்பியோடு நடுங்கிக்கொண்டு படுப்பார்; அதுகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் சித்திரை வெயில்.

அதுகள் வாய் திறவாது. தீனிக்கென்று வைத்திருந்த பூச்சிகள்தான் ஓயாமல் கத்தும். ஒருநாள் என் கணவர் அவர் வீட்டில் குந்தியிருந்து எங்கள் மகளின் சம்பந்தத்தைப் பற்றிக் கதைக்கையில் பெட்டிப் பக்கம் சத்தம் கேட்டதாம். பல்லி சொல்லிவிட்டது, நல்ல சகுனம் என்று இவர் எழும்பியே நின்றுவிட்டாராம்.

"அது பல்லியில்லை அண்ணை. பல்லியின்ரை சாப்பாடு."

ஆனாலும் அந்தச் சம்பந்தம் சரிவந்தது.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை அவர் முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கிற பெட்டி பழுதாய்ப் போனது. இங்கே ஞாயிறில் கடை ஏது? உள்ளே இரண்டு முட்டை. அவருடைய மூத்த பல்லி சீதேவி இட்டது. அது கிழடாகிவிட்டது, இனி இடாது. முட்டை குளிர்ந்தால் அவ்வளவுதான். நேரே என் கதவுக்கு வந்தார். இந்தக் குளிரில் தோசை மா புளிக்க நாங்கள் சட்டியை ஓவனுக்குள் வைத்து, லைட்டை மட்டும் போட்டுவிடுவோம். அந்த இளஞ்சூட்டில்தான் அவருக்குக் கண்.

"அக்கா, மாச் சட்டியை ஒருக்கால் வெளியிலை எடுங்கோ. நாளைக்குக் கடை திறக்கும் மட்டும்."

என் தோசைக்கு எசன் முழுக்கப் பேர். அடுத்த நாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். பல்லி விழுந்தால் பானையோடு கொட்டுகிற குடும்பம் நாங்கள். ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மனிதர் முட்டைகளைச் சுவெட்டருக்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். சட்டியை எடுத்துவிட்டேன்.

ஓவனுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக் குந்திவிட்டார். சூடு கூடினால் கதவிடுக்கில் என் அகப்பையைச் செருகுவார். கோழி அடைவைத்த பழக்கத்தில் நான் முட்டையைத் திருப்பிவிடப் போனேன். திருப்பினால் உள்ளே குட்டி செத்துப்போகும் என்று பாய்ந்து தடுத்தார். மகள் ரோல்ஸ் சூடாக்க வந்து ஓவனைத் திருகப் போனாள். இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"பொறுங்கோ தங்கச்சி, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்."

அடுத்த நாள் என் தோசை மட்டை மாதிரி வந்தது. சம்பந்தி அம்மா மரியாதைக்கு இரண்டு தின்றார். நான் குளிரில் பழியைப் போட்டேன்.

பல கிழமை கழிந்து ஒரு காலையில் பல்லியர் கதவைத் தட்டினார். ஒரு முட்டை பழுதாம், மற்றது பொரித்துவிட்டதாம். பிள்ளை பிறந்த வீட்டில் கொடுப்பது போலக் கையில் தட்டும் கற்கண்டும்.

"பொடியனோ, பெட்டையோ?"

"வைச்ச சூட்டைப் பொறுத்துத்தான் அக்கா வரும். இது பெட்டையாய்த்தான் இருக்கும்."

கற்கண்டு கொடுக்க இந்த ஊரில் அவருக்கு வேறு வீடு இருக்கவில்லை. ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, நெடுங்காலம் நல்லாயிருக்க வேண்டும் என்று கை தூக்கிச் சொன்னேன். பல்லிக்கு ஆசி சொன்ன அம்மா என்று பிள்ளைகள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

நான் சொன்னது அவருக்கு.