நன்றி சொன்னால் பிழைக்காது

"போச்சு," என்று வெண்டலின் கையிலிருந்த பியோனிப் பூச்செடிக் கிழங்கைப் பிடுங்கிக்கொண்டாள் மாமியார் இமோஜீன். "நன்றின்னு சொல்லித் தொலைச்சீங்களே மாப்பிள்ளை. கொடுத்த செடிக்கு நன்றி சொன்னா அது பிழைக்காதுன்னு கென்டக்கியில கைக்குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

வெண்டல் பக்கத்து மாநிலமான ஒஹையோக்காரன். வங்கி கவுண்டரில் உட்கார்ந்து நாளெல்லாம் நன்றி சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன். அந்த வார்த்தை கொட்டாவி மாதிரி தானாக வந்துவிட்டது.

வீட்டில் மனைவி லோரீன் வாசற்படியருகே குழி வெட்டி வைத்திருந்தாள். அவள் பிறந்த வீட்டு வெள்ளைப் பியோனி. ஒருமுறை நட்டால் ஆயுசுக்கும் பூக்கும். ஆனால் இலையுதிர் காலத்திலேயே, கடுங்குளிர் வருவதற்குள் நட்டாக வேண்டும். அவளே போய்க் கேட்கலாம்தான். கேட்டால் இரண்டு தங்கைகளும் பங்குக்கு வந்து நிற்பார்கள்.

"ஒரு செடி வாங்கிட்டு வரத் துப்பில்லை உனக்கு," என்றாள். "குழியைப் பார்த்துட்டுத் தபால்காரர் துக்கம் விசாரிச்சுட்டுப் போறார்."

அடுத்த ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு, வாயே திறக்காமல் கிழங்கை வாங்கினான். கார் வரைக்கும் வந்தும் விட்டான். பழக்கதோஷம், கதவைத் திறக்கும்போது தலை லேசாகக் குனிந்துவிட்டது.

"தலையாட்டினாலும் நன்றி நன்றிதான்," என்று மாமியார் கிழங்கை வாங்கி மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மரியாதைதான் வினை என்று முடிவுகட்டி, மூன்றாம் ஞாயிறு நேர் எதிராக நடந்துகொண்டான். கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன அத்தை, அழுகினதை எடுத்து நீட்டறீங்க," என்றான்.

மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்தாள்.

"பிடிக்காதவங்க கையில என் செடி பிழைக்குமா?" என்று மாமியார் கிழங்கை உரக்குழியில் எறிந்தாள். அன்று ஆப்பிள் கேக்கும் அவன் தட்டுக்கு வரவில்லை.

திரும்பும் வழியில் லோரீன் கார் ரேடியோவை உரக்க வைத்தாள். பத்து நாளில் கடுங்குளிராம்.

வங்கிக்கு வந்த டிராக்டர்க்கார ஹார்லன் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "கேட்டு வாங்கினாத்தானேப்பா நன்றி? பேசாம திருடிடு. திருடின செடிதான் செழிப்பா வரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

பிறத்தியார் காசில் ஒரு நாளும் கை வைக்காத வெண்டல், ஞாயிறு காலை, மாமியார் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து வேலி தாண்டினான். அதிர்ஷ்டம், கொட்டகைச் சுவரில் ஒரு மண்வெட்டி பளபளவென்று சாணை பிடித்துச் சாய்த்து வைத்திருந்தது. பக்கத்திலேயே ஒரு கூடை மக்கின உரம்.

தோண்டிய பிறகுதான் சங்கதி தெரிந்தது. வருஷக்கணக்கில் பிரிக்காத புதர். வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கட்டையாகிக் கிடந்தது. ஒன்றை எடுக்க மொத்தத்தையும் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்ததை அப்படியே விட்டால் மாட்டிக்கொள்வோமே என்ற பயத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்து, வரிசையாக நட்டு, உரம் போட்டு, சருகால் மூடினான். இடுப்பு கழன்றுவிட்டது. மிஞ்சிய ஒரே ஒரு கிழங்கைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நிமிர்ந்தான்.

பின்வாசலில் மாமனார் கிளோவிஸ் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். முட்டிவலி, சர்ச்சுக்குப் போகவில்லை. மூன்று ஞாயிறும் நடந்த கூத்தில் ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"மாமா," என்றான் வெண்டல். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?" மாமனார் காப்பியை ஊதிக் குடித்தார். "மண்வெட்டியை மட்டும் எடுத்த இடத்திலேயே வச்சிடுங்க மாப்பிள்ளை. அடுத்த ஞாயிறு ஐரிஸ் பூப் பாத்தியில திருடறதுக்குப் போதகரோட மருமகன் வர்றார், அதுக்குள்ள உங்க அத்தை அதை மறுபடி சாணை பிடிக்கணும்."